பத்து மதிப்பெண் வினா

நாலே முக்காலுக்குக் கம்பெனி பஸ்.
ஆரம்பாக்கத்தில் ஏறுகிறவர்களுக்கு மிஞ்சுவது
டிரைவருக்கு முதுகு கொடுத்த சீட்டு.
தினமும்
பின்பக்கம் பார்த்தபடியே
ஆந்திராவுக்குள் நுழைகிறேன்.

மடியில் தொலைநிலைக் கல்வி, சமூகவியல், இரண்டாம் தாள்.
'சமூக முன்னேற்றம் நேர்கோடா? விவாதி.'
படிப்படியாக ஏறும் என்கிறார் ஒருவர்:
முதலில் சாமி, அப்புறம் தத்துவம், கடைசியில் விஞ்ஞானம்.
சக்கரம் என்கிறார் இன்னொருவர்.
மோதல்தான் தள்ளுகிறது என்பவரிடம் வரும்போது
தடா வந்துவிடுகிறது.

இதே சாலையில் அம்மா போனாள்,
டிராக்டரில் நின்றுகொண்டு, சூலூர்பேட்டை நடவுக்கு.
எனக்கு ஏசி.
எழுதிக்கொள்ளலாம், ஒரு மதிப்பெண்.
மேஸ்திரி நோட்டில் அவள் வைத்தது கைநாட்டு.
பி.ஏ. முடித்தவள் கேட்டில் வைப்பதும்
அதே பெருவிரல்.
போன் கண்ணாடியை ஸ்பிரிட்டில் துடைத்துத் துடைத்து
ரேகை தேய்ந்துபோய்,
'மறுபடி' என்கிறது மெஷின்.
முனிலட்சுமியின் விரலை
எந்த மேஸ்திரியும் மறுபடி கேட்டதில்லை.

அதற்காக அந்தக் காலமே நல்லது என்று
யாராவது ஆரம்பித்தால் கடித்துவிடுவேன்.
கூலி பாக்கி கேட்கப் போன அன்று
அவள் செருப்பைக் கழற்றிய இடம்
வாசலிலிருந்து எத்தனை அடி என்று எனக்குத் தெரியும்.
என் சம்பளம் ஏழாம் தேதி
'டிங்' என்று விழுகிறது, என் போனில்.
அந்த 'டிங்' எந்தப் பாடத்திலும் இல்லை.

"முந்துக்கு ஜரகண்டி."
சூப்பர்வைசர் சுப்பராயுடு. வரிசை நகர்கிறது.
முந்து என்றால் அவருக்கு எதிரே இருப்பது,
போய்விட்டதும் முந்துதான்.
நமக்கு மட்டும் என்ன,
முன்னே கிடக்கிறது சாலை,
முன்னே ஒருநாள் டிராக்டரில் நின்றாள் அம்மா.
பின்னால் ஓடுகிறது எல்லைப் பலகை,
கல்யாணத்தைப் பின்னால் பார்த்துக்கலாம் என்கிறேன் வீட்டில்.
"அப்போ முன்னேற்றம்னா
எந்தப் பக்கம்டி ஏறணும்?"
கெஜலட்சுமி கேட்கிறாள், கொட்டாவியோடு.
பஸ்ஸில் என் முன்னால் இருப்பது
எப்போதும் வந்த வழிதான் என்கிறேன்.
அவள் தூங்கிவிட்டாள்.

ஞாயிறு பரீட்சை. ஞாயிறு ஓவர்டைம்.
லீவு படிவத்தில் 'காரணம்' என்ற கட்டத்தில்
பரீட்சை என்று எழுதிக் கொடுத்தேன்.
சுப்பராயுடு படித்தார், அக்கம்பக்கம் பார்த்தார்,
அதை அடித்துவிட்டுத்
தன் பேனாவால் தெலுங்கில் எழுதினார்:
ஜ்வரம்.

"இப்போ கிடைக்கும், போம்மா."