ஐம்பத்திரண்டாவது வாரத்துக் கதவு

இருபத்துமூன்று வருடம் கழித்து
'நாவாய் ஏழு' திரும்ப வருகிறது என்ற சேதி
மஹ்பூலாவில் எங்கள் ஃபிளாட்டுக்கு வந்தபோது
பெனடிக்ட் குப்பூஸ் சூடாக்கிக்கொண்டிருந்தான்.
ஒரு பக்கம் கருகியது. யாரும் திட்டவில்லை.

ஆறு பேருக்கு ஒரு டிவி. அதுவும்
விசா முடிந்து போனவன் விட்டுப்போனது.
திரையின் ஓரம் பச்சையாய் ஒரு கோடு,
அணைத்தாலும் கொஞ்சநேரம் நிற்கும்.
விண்வெளிக்கு அது பொருத்தம்தான் என்றான் ஜெயசீலன்.
மன்னாரில் கேசட்டில் பார்த்தவன் அவன்;
கடைசிக் கேசட் வந்து சேரவே இல்லை.
எங்களிடம் கேட்டுக் கேட்டு
எங்களைவிட நன்றாகச் சொல்வான்:

காற்று தீர்ந்துகொண்டிருக்கும்.
டாக்டர் இழைநிலா வால்வைத் திருக வெளியே போவாள்.
பின்னால் கதவு மூடும்.
அட்டைக் கதவு, வெள்ளிப் பெயின்ட்,
கீழ் மூலையில் செல்லோடேப் தெரியும்.
'தொடரும்' என்று எழுத்து வரும்.

தொடரவில்லை.
விளம்பரம் தந்த சோப்புக் கம்பெனி
படுத்துவிட்டதாகக் கேள்வி.

இந்தியாவில் இரவு ஒன்பது என்றால் இங்கே ஆறரை.
தமீமுல் அன்சாரிக்கு ஷிப்ட் முடிவது ஏழு.
அந்த அரைமணி நேரம் உலகமே அவனுக்கு எதிரி.
போனை அணைத்து, சாப்பாட்டு டப்பாவுக்குள் போட்டு,
மூடியை அழுத்திக்கொண்டு பஸ் ஏறினான்.
வாசலில் நின்றபடியே
"ஒருத்தனும் வாயைத் திறக்கக் கூடாது" என்றான்.

அவனுக்காக முதலிலிருந்து போட்டோம்.
இந்த முறை நாங்கள் டிவியைப் பார்க்கவில்லை,
அவன் முகத்தைப் பார்த்தோம்.

கலம் பளபளத்தது. புருவம் ஏறியது.
ரோபோ கிண்ணி வந்தது. புருவம் இறங்கியது.
பழைய கிண்ணிக்குத் தலை, இட்லிக் கொப்பரை;
ஆவி கிளம்பினால் கோபம் என்று அர்த்தம்.
புதியதற்குத் தலை கண்ணாடியில்,
குரல் கஸ்டமர் கேர்.

ஃபர்வானியா ஆஸ்பத்திரி பஸ்ஸிலிருந்து
எஸ்தர் ராணி நாலு நிமிடம் வாய்ஸ் அனுப்பியிருந்தாள்:
மூன்று நிமிடம் கிண்ணிக்காக ஒப்பாரி,
மீதி, "ஆனா அந்தப் புது காப்டன் பொண்ணு
நல்லாத்தான் நடிக்குது, அடிக்க வராதீங்க."
போனில் யாரை அடிப்பது?
உலகநாதன் தலையணையை அடித்தான்.

முப்பத்தொன்றாவது நிமிடம்.
புதுப் பையன் ஒருவன் கேட்கிறான், "அந்த டாக்டர்?"
காப்டன் திரும்பாமலே சொல்கிறாள்,
"அவங்க அப்பவே போயிட்டாங்க."
அடுத்த காட்சியில் காபி குடிக்கிறார்கள்.

தமீம் ரிமோட்டை எடுத்து நிறுத்தினான்.
"கதவைத் திறந்து பார்த்தாங்களா?"
இல்லை.
"தட்டியாவது பார்த்தாங்களா?"
இல்ல தமீம்.
"பார்க்காம எப்படிடா சொல்லலாம்?"
அவன் லிஃப்ட் மெக்கானிக்.

ஜெயசீலன் மேல் கட்டிலிலிருந்து மெதுவாக,
"கதவு மூடினதை நான் பாக்கேல்லையே.
எனக்கு அவ இன்னும் உள்ளுக்குத்தான்."
அதற்கு யாரிடமும் பதில் இல்லை.

இனி இந்தக் கண்றாவியைப் பார்த்தால்
பேரை மாற்றிக்கொள்கிறேன் என்று
திட்டி எழுதுவதற்காக டப்பாவைத் திறந்தான் தமீம்.
போனை ஆன் செய்ததுமே அடித்தது:
சால்மியா, ஆறாம் மாடிக்கும் ஏழாம் மாடிக்கும் நடுவே.
சட்டையை மாற்றாமலே ஓடினான்.

நாங்கள் மீதியைப் பார்த்தோம்.
இயக்குநரை, அவர் மாமனாரை,
கிராபிக்ஸ் செய்தவனின் கம்ப்யூட்டரைத் திட்டினோம்.
நடுவில் சண்டைக் காட்சி ஒன்று அருமை;
அதை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.
இரண்டு தடவை போட்டுப் பார்த்தோம்.

பன்னிரண்டு மணிக்கு வந்தான், முழங்கை வரை கிரீஸ்.
உள்ளே ஒரு எகிப்துக்காரராம், கையில் பிறந்தநாள் கேக்,
ஏசி இல்லை, நாற்பது நிமிடம்.
கேக் கூழாகிவிட்டது.
"என்ன பேசினே அவ்வளவு நேரம்?"
"என்னத்தைப் பேச? அரபியில எனக்குத் தெரிஞ்சதே
கொஞ்சம். அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.
இருக்கேன், இருக்கேன்னு."

கை கழுவப் போனான்.
குழாய்ச் சத்தத்துக்கு நடுவே கேட்டது:
"அடுத்த வாரமும் ஆறரைதானா?
ஷிப்ட் மாத்தணும்."