சீட்டில் நான்காவது

ஐந்து மணிக்கு எழு என்றது
ஃபைரூஸ் அடித்துச் சொன்ன புத்தகம்.
எழுந்தேன்.
எதிர் புளோக்கில் ஒரே ஒரு சமையலறை விளக்கு.
அங்கேயும் இதே புத்தகம் போலிருக்கிறது.

இருபத்தைந்து நிமிடம் எழுது, ஐந்து நிமிடம் நட.
முட்டை அவிக்கும் கடிகாரத்தை முடுக்கி வைத்தேன்.
முதல் நாள் ஒரு வரி.
மறுநாள் அதை அடித்தேன்.
மூன்றாம் நாள் குளிர்பதனப் பெட்டியின் அடித்தட்டைத் துடைத்தேன்,
கவனம் சிதறாமல்.

பகலெல்லாம் நாடகங்களுக்கு வசன வரி போடுகிறவள் நான்.
யார் எவ்வளவு அழுதாலும்
இரண்டே வரி, வரிக்கு முப்பத்தைந்து எழுத்து.
இரவில் எழுதும் நாவலில் மட்டும்
நான்கு மாதமாக ஒருத்தி
கதவைத் தட்டாமல் நின்றுகொண்டிருக்கிறாள்.

முப்பத்தோராம் பக்கத்தில் ஒரு நூலகச் சீட்டு.
தோ பாயோ கிளை, இயந்திரம் துப்பிய வெண்தாள்,
பாதி மங்கிய எழுத்து.
எனக்கு முன் இரவல் வாங்கியவர்
அந்தப் பக்கத்திலேயே கைவிட்டிருக்கிறார்
நல்ல பழக்கங்களை.
(நான் நாற்பதுவரை போனேன். பெருமைதான்.)

அவர் அன்று எடுத்தவை ஐந்து.
முதலாவது இது.
அப்புறம் அடுப்பில்லாமல் ரொட்டி சுடுவது பற்றி,
குடைகளின் வரலாறு,
நான்காவதாக நம் கரையோரக் கடற்பாசிகள்.
ஐந்தாவதன் பெயரை வெக்கை தின்றுவிட்டது;
‘இல்லாத இரவு’ என்று வால் மட்டும் மிச்சம்.

இப்படி யாரும் எனக்குப் புத்தகம் சொன்னதில்லை,
படித்தால் உருப்படுவாய் என்ற குரலே இல்லாமல்.

ரொட்டி புளித்தது. குடையில் தூங்கிவிட்டேன்.
கடற்பாசியைப் பேருந்து நிறுத்தத்தில் திறந்தேன்.
என் பேருந்து மூன்று முறை வந்து போனது,
மழையும் ஒரு முறை.
ஓதம் வடிந்த பாறையில் கறுத்துச் சுருண்டு கிடப்பது
செத்துவிடவில்லை என்று ஓரிடத்தில் இருந்தது.
ஆகா, உவமை! என்று பென்சிலால் கோடு போட்டேன்.
பிறகு வெட்கமாகி அழித்தேன்.
பாசி பாசியாகவே இருக்கட்டும்.

மறுநாள் ஏழரைவரை தூக்கம்.
‘எப்படி, வாழ்க்கை மாறியதா?’ என்றான் ஃபைரூஸ்.
‘தவணை நீட்டித்திருக்கிறேன்’ என்றேன்.
எந்தப் புத்தகத்துக்கு என்று அவன் கேட்கவில்லை.
அவனுடையதைத் திருப்பிக் கொடுத்தாயிற்று,
சீட்டை அதே முப்பத்தொன்றில் செருகி.

நேற்று, பிரேடலைத் தாண்டி
ரயில் சுரங்கத்திலிருந்து வெயிலுக்கு ஏறும் இடத்தில்,
ஒரு கை கம்பியில், மறு கையால் கைப்பேசியில் எழுதினேன்:
கதவருகே நிற்பவளின் கையில் ஒரு வாளி இருக்கிறது.

இத்தனை நாள் நான் பார்க்கவே இல்லை.
மிதியடியில் சொட்டுகிறது உப்புத் தண்ணீர்.
உள்ளிருந்து யாரோ
‘யாரது?’ என்கிறார்கள்.