நாங்க எடுத்த முடிவு

கட்டைவிரலால் திடலை அழுத்திப் பார்த்து
"சகதி சார், பந்து உருளாது" என்றார் நிஜாமுதீன்.
நாகப்பட்டினத்தில் சரியாக விடியாத ஆறு மணி.
"துரைக்கண்ணுவை இறக்காதீங்க.
முந்தாநாள் ராத்திரி முழுக்க அவங்கப்பாவோட
முறைத்தண்ணிக்கு மடையில காவல் நின்னிருக்கான்.
முட்டி வீங்கியிருக்கு. மறைக்கிறான்."

எனக்கு இன்னொரு உதவியாளர், செல்வகணபதி.
நான் வாய் திறக்குமுன்னே தலையாட்டுபவர்.
அவரைப் பார்த்தேன்.
ஆட்டினார்.

இருபத்திரண்டாவது நிமிடம்
பந்தே வராத இடத்தில்
மெதுவாக உட்கார்ந்துவிட்டான் துரைக்கண்ணு.

இடைவேளையில் பையன்கள் முன்னால் கத்தினேன்,
நிஜாமுதீனை மட்டும் பார்க்காமல்.
அவர் துண்டில் ஐஸ் கட்டி சுற்றிக்கொண்டிருந்தார்.

மூன்று, பூஜ்யம்.

பேருந்து திருவாரூரைத் தாண்டும்போது
கல்லூரி முதல்வர் கைபேசியில் வந்தார்.
மூன்று முறை அடிக்கவிட்டேன்.
நிஜாமுதீன் கை நீட்டி வாங்கிக்கொண்டார்:
"நாங்க எடுத்த முடிவுங்க ஐயா. தப்பாப் போச்சு."

நாங்க.
அந்தச் சொல்லுக்குள் எனக்கும் இடம் போட்டுவிட்டு
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.
வெளியே இருட்டு, நட்டு முடித்த வயல்கள்.
முன் இருக்கையில் செல்வகணபதி உறக்கம்.
குண்டும் குழியுமான சாலை,
தலை ஆடிக்கொண்டே வந்தது.

திங்கட்கிழமை மன்னார்குடியில்
அடுத்த ஆட்டத்தின் பதினொரு பேரைப்
பென்சிலில் எழுதினேன்.
ரப்பரை அவர் பக்கம் நகர்த்தினேன்.

தேநீர் ஆறும்வரை படித்தார்.
"சரியாத்தான் சார் இருக்கு."

எனக்குப் பயம் வந்தது.
"இல்ல, இன்னொரு தடவை பாருங்க" என்றேன்.