உப்புக்காரர்களுக்கு ஒரு பக்கம்

கோட்கா துறைமுகத்தில் நவம்பர்.
நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிட்டது.
பாரந்தூக்கிகளின் சிவப்பு விளக்குகள் மட்டும்
மேலே விழித்திருக்கின்றன.

பகலில் சரக்குக் கப்பல்களுக்குச் சமன் பார்ப்பது என் வேலை.
ஒரு பக்கம் நாலு பெட்டி கூடினால்
கடல் கண்டுபிடித்துவிடும்.
மாலையில், அடுக்ககத்தின் கீழ்த்தளக் கூடத்தில்,
துணி துவைக்கும் அறைக்கு அடுத்த கதவில்,
பென்சிலைக் கடித்துக்கொண்டு
இல்லாத ஒரு நாட்டுக்கு விதி எழுதுகிறேன்.

நாட்டில் நான்கு தரப்பு.
ஆற்றுச் சுங்கத்தாரை முடித்தாயிற்று:
எந்தப் பாலமும் அவர்களிடம் பொய் சொல்லாது.
விளக்கணைப்போருக்கு இருட்டில் கூட்டல் நான்கு,
பகலில் சொந்தப் பெயரே மறந்துபோகும் வியாதி.
கடன் தெய்வத்தின் அடியார்கள்
செத்தாலும் வட்டி கட்ட எழுந்து வருவார்கள்,
ஐந்தாம் நிலையிலிருந்து.

உப்புக்காரர்கள்தான் பிடிபடவில்லை.
வாள் கொடுத்தால் வெறும் போர்வீரர்கள்,
மந்திரம் கொடுத்தால் வெறும் மந்திரவாதிகள்;
சின்னத்தை மட்டும் மாற்றித் தைத்த பழைய சட்டை.
சுவரில் தொங்கும் சௌனா முறைப்பட்டியல் கண்ணில் பட்டது:
வெள்ளி ஏழு மணி, ஹ்யுவோனென் குடும்பம்.
பதினெட்டு வருடமாக அந்த ஒரு மணி நேரம்
வேறெவரும் அந்தக் கதவைத் தொட்டதில்லை.
காவலில்லை, பூட்டும் இல்லை.

எழுதினேன்:
உன் உப்பைத் தின்றவன்
மூன்று சுற்றுக்கு உன்மேல் ஆயுதம் ஓங்க முடியாது.
நீயும் அவன்மேல்.

முதல் சோதனை ஆட்டத்திலேயே ஐரா,
வரி அலுவலகத்துக்காரி,
ஒரு கோட்டைக் கிணற்றில் எட்டு மூட்டை உப்பைக் கொட்டினாள்.
நானூறு எதிரிகள்
கையில் வேலும் வாயில் கரிப்புமாக நிற்க,
நடுவே நடந்துபோய்க் கருவூலத்தைத் திறந்தாள்.
எல்லோரும் சிரித்தார்கள். நான் கொஞ்சம் தாமதமாக.
திருத்தம்: கையால் கொடுத்தது, கண்ணைப் பார்த்து வாங்கியது.
இன்னொரு திருத்தம்: கடல்நீர் செல்லாது.
கண்ணீரும் செல்லாது.
அதற்கும் ஐராதான் காரணம்.

நேற்று ஒஸ்மோ வந்தான்.
இரண்டு குளிர்காலத்துக்கு முன்
எங்கள் மேசையை விட்டு
ஹமினாவில் வேறு கூட்டத்தோடு ஆடப் போனவன்.
அதே பச்சைப் பகடைப் பை. ஜாக்கெட் புதிது.
உப்புக்காரனை எடுத்தான்,
ஏழாம் நிலை வரை படித்தான்,
தாளைத் திருப்பினான். பின்பக்கம் வெள்ளை.
"விலகினால்?"
"எதிலிருந்து?"
"தரப்பை விட்டுப் போனால் எதெல்லாம் போகும்?"

எழுதியிருக்கவில்லை.
சேர ஒரு பக்கம், உயர ஆறு பக்கம்,
சாவதற்குக்கூட அட்டவணை இருந்தது.
சுவருக்கு அப்பால் சலவை இயந்திரம்
கடைசிச் சுழற்சியில் அதிர்ந்துகொண்டிருக்க
கை தானாக எழுதியது: எல்லாம் போகும்.
திறன்கள் பூஜ்யம். முத்திரை எரியும்.
பழைய தோழர்கள் கண்ட இடத்தில் தாக்குவர்.
பென்சில் முனை உடைந்தது.
ஐரா அதைப் பார்த்தாள், பகடைகளை அடுக்கத் தொடங்கினாள்.
ஒஸ்மோ தலையாட்டினான்:
"சமமாகத்தான் இருக்கிறது."

விதி என்கிறோம். நல்லவேளை,
இந்த விதிக்கு அழிப்பான் உண்டு.
இரவு அழித்தேன்,
தாள் மெலிந்து மேசையின் மரவரி தெரியும் வரை.

விலகுகிறவன் கற்றதையெல்லாம் எடுத்துப் போகலாம்.
அவன் கொடுத்த உப்பு, கொடுத்த இடத்திலேயே இருக்கும்.
திரும்பி வந்து ஒரே பந்தியில் உட்கார்ந்தால்
பகடை உருட்ட வேண்டியது அவனல்ல,
மற்றவர்கள்.
பன்னிரண்டுக்கு மேல் விழுந்தால்

அதற்குப் பிறகு எழுத வரவில்லை.
வியாழக்கிழமை ஆடிப் பார்க்க வேண்டும்.
சால்மன் சூப் ஒஸ்மோ கொண்டுவருகிறானாம்.
அவன் சமையலில் எப்போதுமே
உப்பு ஒரு கல் குறைவு.