நாற்பத்தொன்றாம் வில்லை

யாஷ் நகரம், ருமேனியா. 1917, பிப்ரவரி.

தலைநகரம் பகைவன் கைக்குப் போனதும்
நாடாளுமன்றம் ரயிலேறி வந்து
எங்கள் நாடகக் கொட்டகையில் இறங்கிற்று.
நான் எப்போதும்போல் கோட்டு அறையில்.
கோட்டை வாங்கி மாட்டுவேன், பித்தளை வில்லை கொடுப்பேன்.
வில்லை வந்தால் கோட்டு போகும். அதுதான் விதி.
ப்ரொஃபிரா என் பெயர். அவர்களில் யாரும் கேட்டதில்லை.

முதல் நாளே சொல்லிவிட்டார்கள்:
அவர்கள் கோட்டு இடப்பக்கம்,
இவர்கள் கோட்டு வலப்பக்கம்,
தோளோடு தோள் உரசக் கூடாது.
நடுவில் ஒரு கொக்கியைக் காலியாக விட்டேன்.
ஸிரெத் ஆற்றங்கரையில் எல்லை தினம் நகர்ந்தது.
இது மட்டும் நகரவில்லை.

கதவு சரியாகச் சாத்தாது, எல்லாம் காதில் விழும்.
பட்டாளத்துக்கு பூட்ஸ் வாங்காதது யார்?
நீங்கள்.
நீங்கள் இருந்தபோது தோல் எங்கே போனது?
உங்கள் மைத்துனரைக் கேளுங்கள்.
இப்படி மூன்று நாள்.
மூன்று நாளும் பூட்ஸ் வாங்கவில்லை.
இதே மேடையில் எத்தனையோ மட்டமான நாடகம் பார்த்திருக்கிறேன்,
அவற்றில்கூட இரண்டாம் காட்சிக்குள்
ஏதாவது நடந்துவிடும்.

என் மகன் தோதெர் ஆற்றங்கரைக் குழியில் இருக்கிறான்.
காலில் சோளமாவுச் சாக்கைச் சுற்றியிருக்கிறேன் அம்மா,
இன்னும் கொஞ்சம் மாவு வாசனை வருகிறது,
பசித்தால் முகர்ந்துகொள்வேன் என்று எழுதியிருந்தான்.
நான் சிரிக்க வேண்டுமாம்.

ஒரு நாள் பேன் ஒன்றைப் பார்த்தேன்.
வலப்பக்கம், திரு. மவ்ரோதினின் நீர்நாய்த்தோல் காலரில்.
அவசரமே இல்லை அதற்கு.
கம்பியைப் பிடித்து, காலிக் கொக்கியைத் தாண்டி,
இடப்பக்கம் போய்ச் சேர்ந்தது.
பேச்சுவார்த்தைக்குப் போனது அது ஒன்றுதான்.

வியாழக்கிழமை பேச்சின் நடுவில் ஒருவர் சரிந்தார்.
கம்பளியில் சுற்றிப் பின்வாசல் வழியே தூக்கிப் போனார்கள்.
டைஃபஸ் என்றார்கள். பிறகு ஒன்றும் சொல்லவில்லை.
நாற்பத்தொன்றாம் வில்லை திரும்பவில்லை.
இரங்கல் தீர்மானத்தை எந்தக் கட்சி முன்மொழிவது என்று
வெள்ளி மாலைவரை சண்டை.
மண்ணெண்ணெய் தீர்ந்தது, சபை கலைந்தது.
செத்தவர் செத்தபடியே இருந்தார்.

அன்றிரவுதான் அதைச் செய்தேன்.
கை தவறிவிட்டது என்று பிறகு சொன்னேன்.
தவறவில்லை.
இடத்தை வலத்தில் மாட்டினேன், வலத்தை இடத்தில்.
இருட்டு, குளிர், எல்லோருக்கும் தூக்கம்;
கொடுத்ததைப் போட்டுக்கொண்டு போனார்கள்.

மறுநாள் பத்து மணிக்குச் சபை கூடியது.
போர் இல்லை. பூட்ஸ் இல்லை.
ஆஸ்பத்திரியில் கட்டிலுக்கு மூன்று பேர் கிடப்பது இல்லை.
கோட்டு.
சதி என்றார் திரு. மவ்ரோதின்.
உரிமை மீறல் என்றார் எதிர்வரிசை வாஸ்கான்.
இருவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்ததைக்
கதவிடுக்கில் பார்த்தேன். அடடா,
மனசு வைத்தால் என்ன ஒற்றுமை!
கால் மணி நேரம். எதிர்த்து ஒரு கைகூட இல்லை.
அந்தக் குளிர்காலம் முழுக்க
ஒருமனதாக நிறைவேறியது அடியேன் ஒருத்திதான்.

பின்வாசலில் பிண வண்டி நின்றது.
போன வருஷம் அதில் விறகு வரும்.
வண்டிக்காரர் எனக்கு வழிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.
என் கையில் மூட்டையாக நாற்பத்தொன்று.
தெருமுனை ரொட்டிக்கடையில் கெஞ்சி
அடுப்பில் இரண்டு மணி நேரம் வாட்டினேன்.
ரொட்டிக்கு மாவு இல்லை, அடுப்பு சும்மாதான் கிடந்தது.
பேன்கள் பொரியும் சத்தம் கேட்டது.
காலரில் குத்தியிருந்த கட்சி ஊசியைக் கழற்றி
ரொட்டிக்காரரிடம் கொடுத்தேன். எந்தக் கட்சி என்று
அவரும் பார்க்கவில்லை. திரி தூண்ட ஆகும் என்றார்.

ஆற்றங்கரைக்குப் போகும் ரயிலில் கோட்டை ஏற்றியாயிற்று.
கை கொஞ்சம் நீளம். தோதெர் மடித்துக்கொள்வான்.

வில்லை என்னிடம் இருக்கிறது.
அவன் வந்து மாட்டிவிட்டுப் போக
வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒரு கொக்கி அடித்திருக்கிறேன்.