ஒரு புள்ளி

கோட்டாறு கம்போளத்தின் பின்வாசலில்
எட்டு சென்ட் காடு.
கருப்பட்டிக் கிட்டங்கி இடிந்து விழுந்த இடம்.
பதினொரு பேருக்குப் பதினொரு தென்னை
வைத்தது வியாபாரிகள் சங்கம்.
மூன்று பிழைத்தன.
மற்ற குழிகளில்
யாரும் வைக்காத அயனியும் வேம்பும் மஞ்சணத்தியும்
பட்டா கேட்காமல் ஏறிக்கொண்டன.

இரண்டு சிமென்ட் பெஞ்சு.
'உபயம்' என்று தொடங்கும் பெயர்கள்
செத்தவர்கள் பெயரைவிடப் பெரிதாக.
ஒன்றில் எப்போதும் ஒரு லோடு ஆட்டோக்காரர்
முகத்தில் துண்டைப் போட்டு உறங்குவார்.
மற்றதில் நான், ஒரு மணிக்கு,
மரச்சீனியும் சாளைக் கறியும் வைத்த டிபன்பாக்ஸோடு.

கல்லில் ஏழாவது பெயர் அப்பா.
நேசய்யன
என்று வெட்டியிருக்கிறார்கள்.
கடைசி எழுத்துக்குப் புள்ளி இல்லை.

பத்திரம் டைப் அடிப்பவள் நான்.
ஒரு துணைக்கால் விட்டுப்போனதற்கு
ஒரு தென்னந்தோப்பே கைமாறாமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.
பிழைத்திருத்தல் பத்திரம், முத்திரைத் தாள், இரண்டு சாட்சி,
எல்லாம் தெரியும்.
மாநகராட்சிக்கு மூன்று மனு போட்டேன்.
மூன்றாவதற்குப் பதில் வந்தது:
பழைய கோப்பு காணவில்லை.
மேற்படி நேசய்யன என்பவரின் வாரிசு
தாங்கள்தான் என்பதற்கு
ஆதாரம் இணைக்கவும்.

ஒரு கார்த்திகையில் காக்கை ஒன்று
சரியாக அந்த இடத்தில் எச்சமிட்டது.
பத்து நாள்
அப்பா பிழையில்லாமல் இருந்தார்.
நினைவு நாளுக்கு முந்தின சாயங்காலம்
துப்புரவுக்கு வரும் றோஸம்மாள்
சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டாள்,
மாலையோடு வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று.

இன்று ஆபீஸ் ஒயிட்னரை எடுத்து வந்தேன்.
மேலே அயனிச்சக்கை பழுத்து மணக்கிறது.
அணில் தின்ற மிச்சம் கல்லில் சிதறி
ஈ மொய்க்கிறது.
மூடியைத் திருகி, னகரத்தின் தலைக்கு மேல்
தூரிகையைப் பிடித்துக்கொண்டு
ஒருமுறை வாசித்துப் பார்த்தேன், உள்ளது உள்ளபடி.

நேசய்யன.

நாக்கு அண்ணத்தில் முட்டி நிற்கவில்லை.
திறந்த வாயிலிருந்து
கொஞ்சம் மூச்சு வெளியே போனது.

மூன்றாம் வகுப்புப் பாடம்தான்.
புள்ளி வைத்தால் மெய்.
புள்ளி இல்லையென்றால்
அதற்குள் ஓர் அகரம் இருக்கிறது, சத்தமில்லாமல்.

ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில்
அம்மாவிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டு
மெய்யை மட்டும் தந்தார்கள்.

தூரிகை நுனியில் வெள்ளை காய்ந்துவிட்டது.
ஆட்டோக்காரர் துண்டை விலக்கி,
"எழுத்து வல்லதும் தப்பா கெடக்கா?" என்றார்.
"ஒண்ணுமில்ல. ஒறங்குங்க."

இரண்டு மணிக்கு ஒரு கிரையப் பத்திரம்.
விற்பவர் பெயரில் ஒற்றெல்லாம் சரியா என்று
மூன்று தடவை பார்க்கவேண்டும்.