கால் சுற்று

வேலப்பாடி மேல்தொட்டியின் கீழ்
என் இரும்புக் கம்பிக்கு ஏழு குழி.
ஏழு மூடி, ஏழு வால்வு,
ஒவ்வொன்றும் ஒரு தெருவின் தொண்டை.

கட்டியபோது இரண்டு லட்சம் லிட்டர்.
இன்றும் இரண்டு லட்சம்தான்,
சிமெண்டுக்குப் பிள்ளை பிறப்பதில்லை.
தெருக்களுக்குப் பிறந்தது.
ஓட்டு வீடு மாடியானது,
மாடி மூன்று பாகமாய்ப் பிரிந்தது,
மாட்டுக் கொட்டகை நின்ற இடத்தில் லாட்ஜ்,
லாட்ஜுக்குப் பின்னால் இன்னொரு லாட்ஜ்.

ஜே.இ. டேப்லெட்டோடு வந்தார்.
"தலைக்கு எவ்வளவு விடுறீங்க, ஏகாம்பரம்?"
தலையை யார் பார்த்தது சார்,
நான் பார்த்ததெல்லாம் குடம்.
நூற்று முப்பத்தைந்து லிட்டர் விடணுமாம்.
எந்த வருஷத்துத் தலைக்கு என்றேன்.
இரண்டாயிரத்துப் பதினொன்று.
அந்தக் கணக்கு முடிந்த மறுவாரம் பிறந்தவன்
மீசை அரும்பி
சைக்கிளில் இரண்டு குடம் கட்டிப் போகிறான்,
அவரைக் கடந்துதான் போனான்.

காவிரி மேட்டூரிலிருந்து வரவேண்டும்.
பக்கத்தில் படுத்திருக்கும் பாலாறு
மணலும் போய், முள்ளும் நாணலுமாய்
எங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறது.
பம்ப் நின்ற நாளில்
நானும் அதைத்தான் பார்ப்பேன்.

லாட்ஜ் சந்துக்குப் பதினொரு சுற்று.
அங்கே யாருக்கும் இந்த ஊரில் ஓட்டு இல்லை.
கல்கத்தா, ராஞ்சி, இன்னும் பெயர் வாயில் நுழையாத ஊர்கள்.
எக்ஸ்ரே உறையைக் கக்கத்தில் இடுக்கி
பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்வந்து
ஒற்றை அறையில் சோறு பொங்குபவர்கள்.
எந்தப் பட்டியலிலும் இல்லாத வாய்கள்.
தாகம் மட்டும் இந்த ஊர் வெயிலுடையது.

ஏழாம் குழி என் தெரு. கடைமடை.
இருபத்திரண்டு வருஷம்
என் வீட்டுக் குழாய் இருமிவிட்டுத்தான் சொட்டும்.
மேகலா பிரசவத்துக்கு வந்தாள். இரட்டை.
ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்துவந்த மறுநாள்
விடியற்காலை மூன்று மணிக்கு
லாட்ஜ் சந்தில் கால் சுற்றைக் குறைத்தேன்.
கால் சுற்றுதான்.
கம்பி கிறீச்சிடக்கூட இல்லை.

அண்டா நிறைந்தது.
பிள்ளைத் துணி அலசிய தண்ணீர் வாசலில் ஓடியது.
தண்ணீர் ஓடி என் வாசலை
அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஆறு மணிக்கு அந்தச் சந்து வழியாய் வந்தேன்.
வெளிக்குழாயடியில் ஒருவன்,
பிளாஸ்டிக் பாட்டிலைக் குழாய்க்கு நேராய்ப் பிடித்தபடி.
பக்கத்தில் முக்காடிட்ட பெண்,
முக்காட்டுக்குள் முடியில்லை.
என்னைப் பார்த்தான், கம்பியைப் பார்த்தான்,
சிரித்து ஏதோ கேட்டான்.
ஜொல் என்ற ஒரு சொல்தான் புரிந்தது.
புகார்ப் புத்தகத்தில் எழுதத் தெரியாது அவனுக்கு,
எழுதினாலும் படிக்க எங்களில் ஆளில்லை.

திருப்பிக் கொடுத்தாயா என்றால்,
கொடுத்தேன். அரைக்கால் சுற்று.
மீதி அரைக்கால்
என் வீட்டில் இரண்டு தூளியில் ஆடுகிறது.

மணி மூன்றாகப் போகிறது.
சந்துக்கு இன்றைக்குப் பதினொன்றா,
பதினொன்றுக்கு அரைக்கால் குறைவா,
குழி மூடியைத் தூக்கும்வரை
கைக்கே தெரியாது.